ஆரத்தி கொட்டிய மார்பிளில் கறை எது, காயம் எது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளை மார்பிள். மருமகளின் வளைகாப்பன்று ஆரத்தித் தட்டு சரிந்து, பாதி நீர் தரையில் கொட்டிவிட்டது. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் மேலோட்டமாகத் துணியால் ஒற்றி எடுத்ததோடு சரி. மறுநாள் சலவைத்தூள் போட்டுத் தேய்த்தோம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கறை நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கிறது, காய்ந்ததும் மஞ்சளாகிறது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று பாத்ரூம் ஆசிட்டை ஓரமாக ஊற்றிப் பார்த்தேன். பொங்கியது, கறை போகவில்லை, அந்த இடம் வெளிறிச் சொரசொரப்பாகிவிட்டது. இது போதாதென்று, குளியலறை டைல்ஸ் இடுக்கில் தலைச்சாயம் சொட்டிக் கறுத்திருக்கிறது. வாசல் திண்ணையின் சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் கலர் கோலப்பொடியின் ஊதா ஊறியிருக்கிறது. கூடம் முழுவதும் மெஷின் பாலிஷ் போட்டால்தான் சரியாகும் என்கிறார் மேஸ்திரி. போடலாமா? - கும்பகோணம் வாசகி.

பதில்: பாலிஷ் இப்போது வேண்டாம். போடவே கூடாது என்பதல்ல, முதலில் கறையை எடுத்துவிட்டுப் பிறகு போட வேண்டும். மெஷின் தேய்த்தெடுப்பது மேல்பரப்பில் மெல்லிய ஓர் அடுக்கைத்தான். உங்கள் கறை ஓர் இரவு முழுக்க ஊறியது. அது அந்த அடுக்குக்குக் கீழேயும் போயிருக்கும். செலவழித்துப் பளபளப்பாக்கிய தரையில் அதே மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும். அப்புறம் மேஸ்திரியைக் கோபித்துப் பயனில்லை.

ஆசிட் பாட்டிலை உடனே எடுத்து உள்ளே வையுங்கள். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். கோழிமுட்டை ஓடும் சங்கும் எதனால் ஆனவையோ அதனால்தான் அதுவும் ஆனது. ஆசிட் பட்டபோது பொங்கியது அழுக்கல்ல, கல்லேதான் கரைந்து நுரைத்தது. எலுமிச்சை, வினிகர், புளி எல்லாம் இதே வேலையை மெதுவாகச் செய்யும். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு மார்பிளில் அப்படியே வைத்தால் அடியில் விழும் மங்கல் வட்டமும் இந்த வகைதான். ஆகவே உங்கள் கூடத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. மஞ்சளும் இளஞ்சிவப்பும் கறை. வெளிறிய இடம் காயம். கறையை உறிஞ்சி எடுக்க வேண்டும், காயத்தைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

தேய்த்தால் ஏன் போகவில்லை என்பதையும் பார்த்துவிடலாம். பளபளவென்று இருந்தாலும் மார்பிளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சாயநீர் அவற்றின் வழியே இறங்கிவிட்டது. பிரஷ்ஷின் நாரோ, தேங்காய் நாரோ, ஸ்பாஞ்சோ அந்தத் துளைக்குள் போகாது. மேலே தேய்க்கத் தேய்க்க மெருகுதான் குறையும். உள்ளே போனதை வெளியே வரவழைக்க ஒரே வழி பற்றுப் போடுவது. சாயத்தைக் கரைக்கும் அல்லது நிறத்தை அழிக்கும் நீர்மத்தை ஒரு மாவில் குழைத்துக் கறைமேல் அப்பி, அதை நிதானமாகக் காயவிடுவது. நீர்மம் கல்லுக்குள் இறங்கிச் சாயத்தைத் தொடும். மாவு காயும்போது அதே நீர்மம் சாயத்தோடு மேலேறி மாவுக்குள் வந்துவிடும். சுளுக்குக்குப் பற்றுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பொறுமை இதற்கும் வேண்டும்.

பற்றுப் போடுமுன் கல்லுக்குள் இருப்பது என்ன சாயம் என்று பாருங்கள். ஆரத்தி சிவப்பது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வதால். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், காரம் தணிந்தால் மஞ்சளுக்குத் திரும்பும். சுண்ணாம்பு காற்றுபட்டுக் காரம் இழந்ததும் உங்கள் தரை மஞ்சளானது. சலவைத்தூள் காரம் என்பதால் மறுபடி சிவந்தது. கறை வளரவில்லை, நிறம்தான் மாறி மாறி வந்தது. ஆனால் நிறம் எடுப்பாக இருக்க ஆரத்தியில் குங்குமமும் கலக்கும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் குங்குமம் பலவற்றில் இருப்பது செயற்கைச் சாயம். அது மஞ்சளைப் போல நிறம் மாறாது. நீங்கள் சொல்லும் இளஞ்சிவப்பு அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெள்ளைப் பருத்தித் துணியில் நான்கு சொட்டு சர்ஜிகல் ஸ்பிரிட் விட்டு, கறைமேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து எடுங்கள். துணியில் மஞ்சள் ஏறினால் அதன்மேல் சலவைசோடா கரைத்த நீர் ஒரு சொட்டு விடுங்கள். அந்த இடம் சிவந்தால் அது மஞ்சள்தூள்தான். துணியில் முதலிலேயே ரோஸ் நிறம் ஏறினால் சாயக் குங்குமமும் இருக்கிறது. இரண்டும் தெரிந்தால் வைத்தியமும் இரண்டு கட்டமாக இருக்கும்.

முதல் கட்டம் ஸ்பிரிட். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். குங்குமச் சாயமும் அப்படியே கரையும். இதில் ஓர் அபாயம் இருக்கிறது. ஸ்பிரிட்டைத் தரையில் ஊற்றித் துடைத்தால் கரைந்த சாயம் நாலாபுறமும் ஓடி, தட்டு அளவுக் கறை தாம்பாள அளவாகும். ஊற்றக் கூடாது. அச்சு இல்லாத வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஆறேழு மடிப்பாகக் கறையின் அளவுக்கே வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து கறைமேல் வையுங்கள். அதன்மேல் பாலித்தீன் தாளைப் போட்டு, தட்டையான கனம் ஒன்றை வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கனத்தையும் தாளையும் எடுத்துவிட்டுக் காகிதத்தை அங்கேயே காயவிடுங்கள். காகிதத்தின் அடிப்பக்கம் நிறமேறியிருக்கும். புதிய காகிதத்தில் மீண்டும் செய்யுங்கள். நிறம் ஏறுவது நின்றதும் இந்தக் கட்டம் முடிந்தது. ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும். பூஜை விளக்கு, ஊதுபத்தி, பக்கத்து அறை அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம்தான் முக்கியம். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு 20 வால்யூம் என்று கேளுங்கள். அது 6 சதவீதக் கரைசல். பழைய பாட்டில் வீரியமிழந்திருக்கும். வெட்டிய உருளைக்கிழங்கின்மேல் ஒரு சொட்டு விட்டால் சட்டென்று நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் அது வெறும் தண்ணீர், வேறு வாங்குங்கள். உங்கள் கறை சுமார் 20 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் ஆப்பசோடா 250 கிராம், பெராக்சைடு ஏறக்குறைய 100 மில்லி போதும். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கிண்ணத்தில் குழையுங்கள். இரும்பும் செம்பும் பெராக்சைடை நிமிடங்களில் வீணாக்கிவிடும். நீர்மத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மெதுவடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, அப்பினால் ஒட்ட வேண்டும். கையுறை கட்டாயம். வெறும் விரலில் பட்டால் தோல் வெளுத்து எரியும்.

இதையே முதலில் கதவுக்குப் பின்னாலோ, பீரோ அடியிலோ ஒரு ரூபாய் நாணய அளவுக்கு அப்பி ஒரு நாள் பாருங்கள். சில வெள்ளை மார்பிளில் இரும்புச் சத்து இருக்கும். ஈரமும் பெராக்சைடும் பட்டால் அது துருவாகி, கல்லே மஞ்சளிக்கும். அந்த மஞ்சளை எடுப்பது இதைவிடப் பெரிய வேலை. சோதித்த இடம் மாறவில்லை என்றால் மேலே போகலாம்.

கறை உள்ள இடத்தைத் தண்ணீரால் லேசாக ஈரப்படுத்துங்கள். பற்றை 6 முதல் 8 மில்லிமீட்டர் கனத்துக்கு, கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியேயும் வருமாறு பரப்புங்கள். விளிம்போடு நிறுத்தினால் சாயம் பக்கவாட்டில் ஒதுங்கி வளையமாக நிற்கும். மேலே பாலித்தீன் தாளை மூடி, ஓரங்களை டேப்பால் ஒட்டி, தாளில் ஊசியால் ஐந்தாறு துளை போடுங்கள். பெராக்சைடிலிருந்து கிளம்பும் ஆக்சிஜன் வெளியேற அந்தத் துளைகள் வேண்டும். 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சோடா காரம் என்பதால் தொடக்கத்தில் கறை சிவந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

மறுநாள் தாளை எடுத்துவிட்டு, பற்றைத் தொடாமல் விடுங்கள். பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். தாளைப் பிரித்த கையோடு ஈரப் பற்றை வழித்துக் கழுவிவிடுவார்கள். மாவு காயும்போதுதான் சாயம் மேலேறும். ஈரத்தோடு வழித்தால் பாதி வேலை கல்லுக்குள்ளேயே நின்றுவிடும். மின்விசிறிக்கடியில் அது வெடித்து, விளிம்பு தானாகக் கிளம்பும்வரை, 12 முதல் 24 மணி நேரம், காத்திருங்கள். பிறகு பிளாஸ்டிக் ஸ்கேலாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ நெம்பி எடுங்கள். தோசைத் திருப்பி கூடாது, கீறும். வெறும் தண்ணீரில் துடைத்து, இன்னொரு நாள் காயவிட்ட பிறகே கறை எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். ஈர மார்பிள் எப்போதும் கறுத்தே தெரியும், அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஒரே பற்றில் முழுவதும் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓர் இரவு ஊறிய மஞ்சளுக்கு மூன்று நான்கு பற்று சாதாரணம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெளுத்துக்கொண்டு வந்தால் தொடருங்கள். அடுத்தடுத்து இரண்டு பற்றில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் இலேசான மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் பொருள். ஜன்னல் திரையை விலக்கி, நேரடி வெயில் படும்படி விட்டால் சில வாரங்களில் மங்கும். குங்குமச் சாயத்துக்கு இந்த அளவு வெளிச்சத்தை நம்ப முடியாது. அதனால்தான் அதை ஸ்பிரிட்டிலேயே முடிந்தவரை எடுத்துவிடச் சொன்னேன்.

இதற்கிடையே ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய் நிழலாகக் கல்லுக்குள் தங்கும். ஸ்டீல் நார் வேண்டாம், அதன் துணுக்கு சிக்கித் துருப்புள்ளியாகும். எழுத்தை அழிக்கும் வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்ச் மென்மையாகத் தெரிந்தாலும் அது ஓர் உப்புத்தாள்தான், மெருகை எடுத்துவிடும். ஹைட்ரோஸ் என்ற சாயம் நீக்கும் தூளைப் போட்டால் எந்தச் சாயமும் வெளுக்கும் என்று சாயப்பட்டறை பழக்கமுள்ளவர்கள் சொல்லக்கூடும். வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தூள் சிறிது ஈரம் பட்டாலே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது, மூச்சை அடைக்கும் வாயுவையும் கிளப்பும். வளைகாப்பு முடிந்த பெண் இருக்கும் வீட்டில் அது வரவே வேண்டாம். ஸ்பிரிட், பெராக்சைடு வேலையையும் அவர் பக்கத்து அறையில் இருக்கும்போது செய்யாதீர்கள்.

கறை போன பிறகு ஆசிட் காயத்தைப் பாருங்கள். நகத்தால் வருடும்போது வழுவழுப்பாக இருந்து, பளபளப்பு மட்டும் போயிருந்தால் மார்பிள் பாலிஷிங் பவுடரை ஈரத் துணியில் எடுத்துக் கையாலேயே வட்டமாகத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். பவுடர் பாலாடைபோல் குழைவாக இருக்க வேண்டும். காய்ந்து போனால் கீறும். பல பவுடர்களில் ஆக்சாலிக் ஆசிட் இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு, தேய்த்து முடித்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள். உங்களுடையது சொரசொரப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கையால் ஆகாது. கரடான பேடில் தொடங்கி நைசான பேடில் முடிக்கும் டைமண்ட் பேடு வேலை தேவை. அந்த ஓர் இடத்தை மட்டும் கிரைண்டரால் சுரண்டச் சொல்லாதீர்கள். அங்கே பள்ளம் விழுந்து, மாலை வெயில் சாய்ந்து அடிக்கும்போது அலை அலையாகத் தெரியும். அந்தப் பலகை முழுவதையும் சேர்த்து மட்டமாக எடுக்க வேண்டும். மேஸ்திரியை அழைக்க வேண்டிய நேரம் இதுதான்.

குளியலறைக்கு வருவோம். தலைச்சாயத்தின் குணம் வேறு. கலக்கும்போது அது சின்னச் சின்ன நிறமற்ற மூலக்கூறுகளாக இருந்து, இண்டு இடுக்கில் நுழைந்து, பிறகு ஆக்சிஜனோடு சேர்ந்து பெரிதாகிக் கறுக்கிறது. நுழைந்த வழியே வெளிவர முடியாதபடி உள்ளேயே பருத்துவிடும். முடியில் சாயம் நிற்பதும் இப்படித்தான், டைல்ஸ் இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவையான கிரவுட்டில் நிற்பதும் இப்படித்தான். சொட்டிய ஐந்து நிமிடத்துக்குள் சோப்புத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். அரை மணி நேரம் ஆகிவிட்டால் துடைப்பதால் பயனில்லை. டைலின் முகத்தில் இருக்கும் கறை எளிது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் எடுத்து ஒரு நிமிடம் வைத்துத் துடையுங்கள், வந்துவிடும். பிளாஸ்டிக் வாளி, பிவிசி கதவு மேல் மட்டும் படக் கூடாது.

இடுக்குக்கு வீட்டு உபயோக பிளீச் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், வேண்டும். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர். பஞ்சைத் திரி போல நீளமாக உருட்டி, அதில் நனைத்து, கறுத்த இடுக்கின்மேல் படுக்க வையுங்கள். ஊற்றினால் ஓடிவிடும், திரியென்றால் அங்கேயே நிற்கும். 15 நிமிடம் கழித்து எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் பாத்ரூம் ஆசிட் இருக்கிறது, கழிப்பறை கழுவும் திரவமும் பெரும்பாலும் அமிலமே. இவற்றில் எது பிளீச்சோடு கலந்தாலும் குளோரின் வாயு வரும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். முதல் நாள் ஆசிட் ஊற்றிய தரை என்றால்கூட நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகே பிளீச்சைத் தொடுங்கள். பெராக்சைடும் பிளீச்சும் கூட ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வேண்டாம்.

மூன்று முறைக்கும் அசையவில்லை என்றால் போராட வேண்டாம். அந்த இடுக்கில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஆக்ஸா பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே நிறக் கிரவுட் குழைத்து நிரப்பி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஆசிட்டால் கிரவுட்டை வெளுக்க வைப்பவர்கள், கறையோடு சிமெண்ட்டையும் கரைத்துவிட்டு, பிறகு கீழ்த்தளத்துக் கூரையில் நீர்க்கசிவைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

திண்ணைக்குக் கொஞ்சம் மென்மையான கை தேவை. ரெட் ஆக்சைடு தரை என்பது இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த சிமெண்ட். ஆசிட் இரண்டையும் தின்னும். இடுக்குகளில் கோலப்பொடி மிச்சம் இருந்தால் தண்ணீர் படுவதற்கு முன்பே மென்மையான பிரஷ்ஷால் கூட்டி, செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். ஒரு துளி பொடி மீந்தாலும் நனைந்ததும் மறுபடி சாயமிறக்கும். பிறகு கூடத்துக்குச் சொன்ன ஸ்பிரிட் காகித முறையைச் செய்யுங்கள். ஊதாவில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். நிழல் மாதிரி மிஞ்சினால் ஒரு பங்கு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர் என்ற கணக்கில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு, கழுவிவிடுங்கள். தரையின் சிவப்பு இரும்பிலிருந்து வருவது என்பதால் பிளீச் அதை வெளுக்காது. ஆனால் பழைய மெழுகோ எண்ணெய்ப் பூச்சோ போய், இடம் சாம்பல் பூத்தது போலத் தெரியும். நன்றாகக் காய்ந்ததும் தேங்காயெண்ணெய் சில சொட்டு விட்டுத் துணியால் இழுத்துத் துடைத்தால் பழைய நிறம் வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீடுகளுக்கும் இதே முறைதான். அதுவும் நிறமி கலந்த சிமெண்ட்தான்.

கூடத்து மார்பிளுக்கு சீலர், அதாவது ஈரம் சட்டென்று ஊறாமல் தடுக்கும் பூச்சு, அடிக்கலாமா என்று பாலிஷ் போடுபவர் கேட்பார். அடிக்கலாம், கறை முழுவதும் போன பிறகு. முன்னால் அடித்தால் கறையையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் சீலர் தேவை. சீலர் போட்ட தரையிலும் ஆரத்தி ஊறும், உடனே ஊறாது, அவ்வளவுதான்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வரும்போது மறுபடி ஆரத்தி எடுப்பீர்கள். தட்டின் அடியில் விளிம்பு உயர்ந்த பெரிய தாம்பாளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், குங்குமம் கலக்காமல் மஞ்சளும் சுண்ணாம்பும் மட்டும் போடுங்கள். அப்படியும் கொட்டினால் தேய்க்காதீர்கள். காய்ந்த பருத்தித் துண்டால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுத்து, கை நிறைய மைதாவையோ கோலமாவையோ அந்த ஈரத்தின்மேல் கொட்டிவிட்டு விருந்தினரைக் கவனிக்கப் போகலாம்.

வாசலில் கலர் கோலம் போடும்போது, ஈரம் நன்றாகக் காய்ந்த தரையில் முதலில் வெள்ளைக் கோலமாவை மெல்லியதாகப் பரப்பி, அதன்மேல் கலர்ப்பொடி தூவுங்கள். மார்கழிப் பனியில் நனைந்தாலும் சாயம் முதலில் மாவில்தான் ஊறும். விடிந்து வெயில் ஏறியதும் அது உலர்ந்திருக்கும்போதே கூட்டி எடுத்துவிடுங்கள்.